மூக்கையாவின் கை

காலையில் முதல் சுங்கான் அணையும் வரைக்கும் சின்னமுத்துவிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பதில் வராது. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்படியில், கொய்யா மரத்தைப் பார்த்தபடி, ஒரு கையில் பால் விடாத சாயத்தண்ணியும் மறு கையில் புகையிலை அடைத்த சுங்கான் குழாயுமாக மனிதர் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில் மகள் சுதர்சினி, குடை எங்கே, சாவி எங்கே என்று ஆயிரம் கேள்வி கேட்பாள். பிறகு, "அப்பாவுக்கு இப்ப பூசை நேரம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, குடை இல்லாமலே போய்விடுவாள்.

எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு இருக்கக்கூடிய பைத்தியங்களில் இது பெரிய பைத்தியம் இல்லைதான். நெஞ்சுச் சளிக்கு மருந்து எழுதிய டொக்டர்கூட, "விடச் சொன்னா விடவா போறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆனால் சின்னமுத்துவைச் சும்மா புகைக்கிறவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் ஒப்பிடுகிறவர்.

சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் பதினொரு ஜாம் போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் தெல்தெனியப் பக்கத்து மஞ்சள் இலை. காய்ந்த புல்லின் வாசம், லேசான தித்திப்பு, ஆனால் அவசரக்குடுக்கை, நாலு இழுப்பில் எரிந்துபோகும். இன்னொன்றில் யாழ்ப்பாணத்துக் கறுப்பு இலை. தேங்காய் மட்டைப் புகையில் வாட்டியது. அதைத் தனியாகப் புகைத்தால் கொய்யா மரம் இரண்டாகத் தெரியும். மூன்று பங்கு மஞ்சளும் அரைப் பங்கு கறுப்பும் கலந்து, இரண்டு சொட்டுத் தேன் தடவி, துணியில் சுற்றி, ஒரு கிழமை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து அழுத்தி எடுத்தால் வருவது மூன்றாவது போத்தல். அதுதான் காலைக்கு. மீதிப் போத்தல்களில் இருப்பதெல்லாம் டோகாவில் வேலை செய்கிற மகன் ரவிகுமார் லீவுக்கு வரும்போதெல்லாம் விமான நிலையத்தில் வாங்கிவந்த வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றில் ஈரமண் வாசம், ஒன்றில் காய்ந்த திராட்சை, ஒன்றில் புதுச் செருப்பைச் சுட்டதுபோல ஒரு வாசம். அந்தச் செருப்பு வாசத்தில் அவருக்குத் தனிப் பிரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத்தாள் விரித்து, மூன்று மூன்று சிட்டிகையாகக் குவித்துவைத்துப் பார்ப்பார். முதலில் நிறம். பிறகு விரலிடையில் கசக்கி வாசம். பிறகுதான் நெருப்பு. ஒரு நாளைக்கு இரண்டுக்குமேல் ஒப்பிடமாட்டார், நாக்கு களைத்துப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பார். இரண்டுக்கும் நடுவில் சீனி போடாத சாயத்தண்ணி. இந்த ஒழுங்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவர், அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் டீமேக்கர். தொழிற்சாலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குள், தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்தபடி டீமேக்கர்தான். கொழுந்து வாடியது போதுமா, சூட்டுக்கு அனுப்பலாமா, இந்தத் தூள் கொழும்புக்குப் போகுமா என்பதெல்லாம் அந்த மூக்கு சொன்னபடிதான் நடக்கும்.

பதினொரு போத்தல் இருந்தும் ஒரு வகை மட்டும் அவரிடம் இல்லை. செர்ரிப் பழ வாசம் ஏற்றிய புகையிலை. உலகமெங்கும் சுங்கான் பிடிக்கிறவர்கள் முதலில் வாங்குவதே அதைத்தான் என்று ரவிகுமார் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்னான். "அது சின்னப்பிள்ளைங்க சமாச்சாரம்" என்று சொல்லிச் சின்னமுத்து பேச்சை முடித்துவிட்டார்.

அது காரணம் இல்லை. காரணத்தை அவர் இருபத்தேழு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி அன்னலட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை, அவரும் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்.

1997ஆம் ஆண்டு ஆடி மாதம். மலையில் மூன்று கிழமையாக மழை விடவில்லை. சுவரில் பாசி, செருப்பில் பூஞ்சணம், பெட்டியில் மடித்துவைத்த வேட்டியில்கூடப் பூஞ்சணம். வேலையை விட்டுப் போன துரை ஒருவர், போகும்போது தன் பழைய சுங்கானையும் செர்ரி வாசப் புகையிலைப் பொதி ஒன்றையும் சின்னமுத்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குமுன் சுருட்டைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதருக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று எண்ணி எண்ணிப் புகைத்தார். அந்தப் பொதியின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்திலேயே ஈரம் எட்டாத இடம் எது? டீமேக்கருக்குத் தெரியாதா? சூடுகாட்டிச் சலித்த தூளைச் சேர்த்துவைக்கும் பெரிய மரத்தொட்டிகள். தூளுக்கு ஈரம் ஆகாதென்று அந்த அறையை அடைகாப்பதுபோல் காப்பாற்றியவர் அவர்தான். பொதியை ஒரு தகர டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தி, ஒரு தொட்டியின் மூலையில் தூளுக்குள் புதைத்துவைத்தார். இரண்டே நாள், மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று நினைப்பு.

இதைச் செய்தவர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்டோர் வாசலில் நின்று, வேலைக்கு வரும் பெண்களின் தலையிலிருந்து மல்லிகைப் பூவை எடுக்கவைத்தவர். வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்த ஒருத்தியைப் போய்ச் சாம்பல் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னவர். தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும், இழுத்ததைத் திருப்பித் தராது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர். ஈரத்தை நினைத்தவர் வாசத்தை நினைக்கவில்லை. தன் சொந்த ஆசைக்கு என்று வரும்போது மனிதருக்கு எவ்வளவு வசதியாக மறந்துபோகிறது, பாருங்கள்.

மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்தபோது டின் மூடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. ஒரு பிடி தூளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தேயிலைக்குள்ளிருந்து செர்ரிப் பழம் வாசம் வீசியது. டின்னை எடுத்து மடியில் மறைத்தார். தூளை இன்னொரு தடவை சூடுகாட்டிப் பார்த்தார். கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது, அல்லது குறைந்துவிட்டதாக நம்பிக்கொண்டார். தூள் மற்றத் தொட்டித் தூளோடு கலக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, கொழும்புக்குப் போனது. அடைத்தவர் மூக்கையா.

மூக்கையா பத்தொன்பது வருடமாக ஸ்டோரில் பெட்டி அடைக்கிறவர். தூளைப் பெட்டியில் கொட்டிக் கையால் நிரவிவிடுவதில் அவரைப்போல ஆள் இல்லை என்பார்கள். ஒரே பழக்கம் வெற்றிலை. அதையும் ஸ்டோருக்கு வெளியே தண்ணீர் விழும் பீலியடியில் போட்டு, வாயும் கையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். வெற்றிலையோடு கராம்பும் வாசனைப் பாக்கும் சேர்த்துப் போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அந்தத் தூளில் தேயிலைக்குச் சம்பந்தமில்லாத இனிப்பு வாசம் இருக்கிறது, முழுவதும் தள்ளுபடி. புதிய துரை சின்னமுத்துவை ஒபிசுக்குக் கூப்பிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். சின்னமுத்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"பெட்டி அடைக்கிற மூக்கையா வெத்தில போடுற ஆளு, சேர்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தச் சமாதானத்தில்தான் அவர் அன்றைக்கு ஒபிசிலிருந்து படியிறங்கி வந்தார்.

துரை மூக்கையாவின் பேரையே வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொன்னார். அப்போது மட்டும் சின்னமுத்துவுக்கு வாய் திறந்தது. பிள்ளைகுட்டிக்காரன், மலைவேலைக்கு அனுப்பலாம் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினார். அப்படி மூக்கையா ஸ்டோரைவிட்டு மலைக்குப் போனார். புல்வெட்டு, வடிகால் தோண்டும் கான்வெட்டு, மருந்தடிப்பு. போவதற்கு முதல்நாள் டீமேக்கர் வீட்டுப் படியில் வந்து நின்றார்.

"ஐயா, நான் வெளியிலதான் போட்டேன். கையக் கழுவிட்டுத்தான் உள்ள வந்தேன்" என்றார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "சரியாக் கழுவலையோ என்னவோ" என்றார்.

அந்த நேரம் சின்னமுத்து சொல்லியிருக்கலாம். மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது, படியில் வேறு யாரும் இல்லை, சொல்ல வேண்டிய ஆள் கண்ணெதிரே நின்றார். "சரி, போ. நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். டின்னோடு புகையிலையைத் தோட்டத்து எல்லையில் குழிதோண்டிப் புதைத்தார். சுங்கானை விட்டாரா என்றால், இல்லை. இரண்டு மாதத்தில் வேறு வகை தேட ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு, சின்னமுத்து ஓய்வுபெற்றுக் கட்டுகஸ்தோட்டைக்கு வரும்வரை, ஒவ்வொரு தீபாவளிக்கும் மூக்கையா குடும்பத்தோடு பலகாரம் கொண்டுவருவார். தட்டை நீட்டுவது அவர் பெண்டாட்டி வடிவம்மாதான். மூக்கையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மரியாதைக்கு நிற்கிறான் என்று சின்னமுத்து நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் சொல்லிவிடலாம், தைப்பொங்கல் கழியட்டும், பிள்ளைகள் படித்து முடியட்டும் என்று தள்ளித் தள்ளியே வருடங்கள் போயின.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்தில் பழைய கிளாக்கராக இருந்தவர் போன் எடுத்துச் சொன்னார். "நம்ம பெட்டி மூக்கையா போயிட்டான் சின்னமுத்து. நாளைக்கு எடுக்கிறாங்களாம்."

சின்னமுத்து சாவுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். சுதர்சினி நம்பினாள். அன்றைக்கு அவர் ஒரு சுங்கானும் பற்றவைக்காததைப் பார்த்து, உண்மையிலேயே கடுமையான வலிதான்போல என்று தைலம் தேய்த்துவிட்டாள். மகள் குனிந்து காலைத் தேய்க்கத் தேய்க்க அவருக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

அடுத்த கிழமை ரவிகுமார் லீவில் வந்தான். பெட்டியைத் திறந்து, சிரித்துக்கொண்டே ஒரு பொதியை அப்பாவின் மடியில் வைத்தான். சிவப்புப் பொதி, மேலே இரட்டைச் செர்ரிப் பழப் படம்.

"பன்னிரண்டாவது போத்தல் வேணும்லப்பா? சின்னப்பிள்ளைங்க சமாச்சாரமா இருந்தா இருந்துட்டுப் போகுது. சும்மா ஒப்பிட்டுப் பாருங்க."

பிள்ளை ஆசையாக வாங்கிவந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிரிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு றம்லத்தின் கடைக்குப் போனார். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் வெற்றிலை, பாக்கு, புகையிலை விற்கும் சின்னக் கடை. புருஷன் மௌத்தான பிறகு றம்லத் தனியாக நடத்துகிறார். ஒருநாளும் புகைத்ததில்லை, ஆனால் இலையை முகர்ந்தே ஊர், பருவம் எல்லாம் சொல்லிவிடுவார். சின்னமுத்துவின் ஒப்பீடுகளுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே எதிராளி அவர்தான். சனிக்கிழமையானால் இருவரும் இலையை மேசையில் பரப்பி, சண்டை பிடிக்காத குறையாக வாதாடுவார்கள்.

"வாங்க ஐயா. இந்த முற வந்த யாழ்ப்பாண எல கொஞ்சம் காரமா ஈக்கிது, பாருங்க" என்றவர், அவர் கையிலிருந்த பொதியைக் கண்டுவிட்டார். "அதென்ன புதுசு?"

"யாருக்காவது குடுத்திருங்க. எனக்கு வேணாம்."

றம்லத் பொதியின் ஓரத்தைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. "அல்லாவே, பேக்கரிக்குள்ள போன மாதிரில்ல ஈக்கிது! இவ்வளவு நல்ல வாசத்த ஏன் வேணாங்கிறீங்க?"

இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த வாசம் மேசையைத் தாண்டி வந்து சின்னமுத்துவின் முகத்தில் பட்டது. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து, வழிந்தும்விட்டது. றம்லத் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் பொதியின் வாயை மடித்து அவரிடமே திரும்பக் கொடுத்தார்.

மூக்கையாவின் கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, சின்னமுத்து கண்டிக்குப் போய் மடுல்கெல்ல பஸ் ஏறினார். சொந்தபந்தம் கலைந்திருக்கும், ஆளில்லாத நேரத்தில் சொல்லலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. கடைசிவரைக்கும் அவருக்குக் கொஞ்சம் கோழைத்தனம் மிச்சம் இருந்தது, அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. மடவளை, வத்தேகம, பன்வில என்று பஸ் ஏறிக்கொண்டே போக, அவர் மடியில் பை இருந்தது. பொதியை ஏன் கொண்டுபோகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மூக்கையாவுடையது கடைசி வீடு. வடிவம்மா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எழுந்து, ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்கய்யா, வாங்க. கண்டியில இருந்தா வர்றீங்க? முழங்காலு முடியலன்னு கிளாக்கரய்யா சொன்னாரே. இந்த மேடு ஏறி ஏன்யா வந்தீங்க?"

உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அலுமாரிக்கு மேலே மூக்கையாவின் படம், பூமாலை, ஒரு சின்ன விளக்கு. மகன் கல்யாணத்தில் எடுத்த படமாம். முழு ஆளாக நின்றார், கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால்.

"எந்தப் படத்துலயும் அவரு கை இருக்காது" என்றார் வடிவம்மா, அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "படம் புடிக்கிற பையன் முன்னுக்கு விடுங்க, முன்னுக்கு விடுங்கன்னு கத்துறான். கேக்கல."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தூள் டப்பாவைத் திறந்து, கரண்டியால் அளந்து போட்டுக்கொண்டே அவர் பேசினார். "ஒங்களுக்கு டீ குடுக்கவே பயமா இருக்கும்யா. இந்த டப்பாவ அவரு தொட்டதே இல்ல. நான் காச்சலா கெடந்தாலும் எந்திரிச்சு நாந்தான் தூளு எடுத்துப் போடணும். எங் கையி பட்டா வாசம் வந்துரும் வடிவு, அப்படின்னுவாரு. வெத்திலய அன்னைக்கு விட்டவருதான், அப்புறம் வாயில வைக்கல. புளியப் போட்டுத் தேப்பாரு, சாம்பலப் போட்டுத் தேப்பாரு. சாயங்காலம் வாசல்ல ஒக்காந்து கைய மோந்து மோந்து பாப்பாரு. பேரப்புள்ளயத் தூக்கச் சொன்னா, மொதல்ல போயி கையக் கழுவிட்டு வருவாரு."

சின்னமுத்துவுக்கு அந்தத் தீபாவளிகள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மரியாதை என்று அவர் நினைத்தது மரியாதையே இல்லை.

"ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல" என்று கோப்பையை நீட்டினார் வடிவம்மா. "ஐயா இல்லாட்டி பேரையே வெட்டியிருப்பாங்க, அந்தப் பாவத்துக்கும் சோறு போட்டது ஐயாதான், அப்படின்னுவாரு. ஆசுபத்திரியில கடைசி நாளு கூட."

சின்னமுத்து கோப்பையை வாங்கி, கதிரைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"வடிவம்மா, அந்த வாசம் மூக்கையா கையில இருந்து வரல."

வடிவம்மா அவரைப் பார்த்தார்.

"அது என் சுங்கான் புகையிலையோட வாசம். மழைக்குப் பூஞ்சணம் புடிக்குதுன்னு தொட்டிக்குள்ள நாந்தான் வச்சேன். மூடி தெறந்துக்கிச்சு. தொர கேட்டப்போ மூக்கையா பேரச் சொன்னதும் நாந்தான்."

வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. வடிவம்மா அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா" என்றார் வடிவம்மா. பிறகு, "எனக்கு அந்த வாசம் எப்படியிருக்கும்னே தெரியாது. அவருக்கும் தெரியாது. கொழும்புக்காரங்க மோந்ததுதானே. எப்படியிருக்கும்?" என்று கேட்டார்.

சின்னமுத்து பைக்குள் கைவிட்டு, பொதியை எடுத்து, மடித்திருந்த வாயைப் பிரித்து நீட்டினார். இதற்குத்தான் கொண்டுவந்தோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வடிவம்மா இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தார். ஒருமுறை முகர்ந்து, நம்பாமல் மறுபடியும் முகர்ந்தார்.

"இதா?"

"ஆமா."

"இது நல்ல வாசந்தானே" என்றார். குரல் அப்போதுதான் உடைந்தது. "கேக் சுடுற மாதிரி, நல்ல வாசமாத்தானே இருக்கு. இந்த வாசத்துக்கா அந்த மனுசன் கையத் தேச்சுத் தேச்சுத் தோல உரிச்சாரு?"

மன்னிச்சிருங்க என்ற சொல்லைச் சின்னமுத்து கண்டியிலிருந்தே தயார்பண்ணி வைத்திருந்தார். அந்த வீட்டுக்குள் அதை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

வடிவம்மா எழுந்தார். பொதியோடு அலுமாரியருகே போய், எம்பி நின்று, படத்தில் மூக்கையாவின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தார். பிள்ளைக்கு மருந்து காட்டுவதுபோலப் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, இந்தா பாருங்க. இதான் அந்த வாசமாம். ஒங்க கையி இல்லையாம்."

சின்னமுத்து தலையைக் குனிந்துகொண்டு அழுதார். வடிவம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொதியின் வாயை இறுக மடித்து, ஒரு பழைய பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு, கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இத எடுத்துக்கங்க. தூளு டப்பா தொறந்திருக்கு."

அவர் எழுந்தார். தரையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, குடிக்காமலே வாசலுக்கு வந்தார்.

"போயிட்டு வர்றேன்" என்றார்.

"போங்க" என்றார் வடிவம்மா. வாங்க என்று சொல்லவில்லை. ஐயா என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து பாத்திரம் விளக்க ஆரம்பித்தார்.

மடுல்கெல்லக் கடைவீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைக் குழாயடியில் சின்னமுத்து சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கையைக் கழுவினார். முடிச்சுப் போட்ட பையைக் கடைக்காரரின் குப்பை வாளிக்குள் போட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பன்வில வந்ததும் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசம் இருந்தது. வத்தேகமவில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தை அவர் விரலைப் பிடிக்கப் பார்த்தது. அவர் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கொண்டக்டர் வந்து டிக்கட்டை நீட்டினார். அதை வாங்கக் கையை வெளியே எடுக்கச் சின்னமுத்துவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.